மழைக்கும் சைக்கிளுக்கும் பகையா?

நம் நண்பர் ஒருவர் ஒரகடத்தில் உத்தியோகம் பார்க்கிறார். மோட்டார் வண்டிகளுக்கு வேண்டிய ஏதோ ஓர் உறுப்பைச் செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு மேஜை, நாற்காலி, குளிர்சாதன அறை எல்லாம் உண்டு. தாம்பரத்திலிருந்து தினந்தோறும் காரில் போய்க் காரிலேயே திரும்புகிறவர். சென்ற ஐப்பசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு வந்தவர், காப்பியைக் குடித்து முடித்ததும் ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"ஸார்! சைக்கிள் சைக்கிள் என்று பத்திரிகைக்காரர்கள் எழுதுவதெல்லாம் குளிர் தேசத்துச் சமாசாரம். நம் ஊர்ச் சீதோஷ்ணத்தில் எவன் சைக்கிள் விடுவான்? ஆறு மாதம் வெயில் வறுத்து எடுக்கிறது. மூன்று மாதம் மழை. மிச்சமுள்ள மூன்று மாதமும் மழை எப்போது வருமோ, வெயில் எப்போது வருமோ என்ற கவலை!"

"நீங்கள் கடைசியாகச் சைக்கிள் விட்டது எப்போது?" என்று கேட்டோம்.

"காலேஜில் படித்தபோது."

"அந்தக் காலத்தில் மழை பெய்யவில்லையா?"

"பேஷாகப் பெய்தது. ஆனால் அப்போது என்னிடம் கார் இல்லையே!" என்றார்.

விஷயம் முழுவதும் இந்தப் பதிலிலேயே அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றியது. ஆயினும், தோன்றியதை மட்டும் வைத்துக்கொண்டு எழுதிவிடுவது நியாயமல்ல. மழையும் வெயிலும் மெய்யாகவே மனிதனைச் சைக்கிளிலிருந்து இறக்கிவிடுகின்றனவா என்பதை நேரில் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தோம். நண்பரின் உத்தியோக ஸ்தலத்தையே பரீட்சைக் களமாகவும் வைத்துக்கொண்டோம்.

ஸ்ரீபெரும்புதூர் என்றால் ஸ்ரீ ராமானுஜர் அவதரித்த ஊர் என்று நம் பாட்டிமார்கள் கையைக் கூப்புவார்கள். 1991ஆம் ஆண்டு மே மாதம் 21ந் தேதி ராஜீவ் காந்தி அங்கே கொலையுண்ட பிறகு உலகமெங்கும் அந்தப் பெயர் துக்கத்துடன் உச்சரிக்கப்பட்டது. இன்று அதற்கு மூன்றாவது கீர்த்தி ஒன்று வந்திருக்கிறது. 1998ல் பக்கத்திலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010ல் ஒரகடத்தில் ரெனோ–நிஸ்ஸான் கூட்டு ஆலை திறந்தது. 2012ல் டைம்லர் லாரி ஆலையும், 2013ல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலையும் அங்கே வந்து சேர்ந்தன. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வல்லம், ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் போகும் சாலையில் இன்று பிரயாணம் செய்கிறவர், ஒரு காலத்தில் இங்கே ஏரியும் வயலும் பனைமரமுந்தான் இருந்தன என்பதைக் கொஞ்சம் சிரமப்பட்டே நினைவுகூர வேண்டும். ஏரிகள் இன்னமும் இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

முதல் தடவை நாம் போனது அதே ஐப்பசியில், நல்ல மழை நாளில். வண்டலூர்–வாலாஜாபாத் சாலை குறுக்கிடும் ஒரகடம் நாற்சந்திக்குச் சற்றுத் தள்ளி ஒரு தேநீர்க் கடை. விடியற்காலை ஐந்தரை மணிக்கு அதன் தகரக் கூரையின் கீழ் ஒதுங்கிக்கொண்டோம். காலை ஷிப்ட்டுக்கு ஆட்கள் போகும் நேரம். கம்பெனி பஸ்கள் யானைக் கூட்டம் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றன. மோட்டார் சைக்கிள்கள் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு பறந்தன. அவற்றுக்கு நடுவே, சாலையின் ஓரத்தை ஒட்டிக்கொண்டு, சைக்கிள்களும் வந்தன. அதிகமில்லை, விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் வந்தன.

வந்தவர்கள் யார் என்கிறீர்களா? கான்டீனில் வேலை செய்கிறவர், தோட்ட வேலை செய்கிறவர், இரவெல்லாம் வாசலில் நின்று வீடு திரும்பும் செக்யூரிட்டிக்காரர், கட்டட வேலைக்கு வடதேசத்திலிருந்து வந்த வாலிபர்கள். ஒருவர் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தியிருந்தார். இன்னொருவர், நம் கிராமத்து உழவர்கள் நாற்று நடும்போது போட்டுக்கொள்வார்களே, அதே கொங்காணியைச் சாக்கில் மடித்துத் தலையில் கவிழ்த்திருந்தார். செல்போனுக்கு ஒரு பை, சாப்பாட்டுக்கு ஒரு பை, தலைக்கு ஒரு பை என்று முப்பைதாரியாக ஒருவர் வந்தார். "எப்படி ஐயா இந்த மழையில்?" என்று அவரைக் கேட்டோம். அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மழை பெய்தால் பசிக்காதா?" என்று சொல்லிக்கொண்டே பெடலை மிதித்தார்.

இரண்டாவது தடவை நாம் போனது தை மாதத்தில். மழை ஓய்ந்து, வெயில் இன்னும் கண் திறக்காத காலம். இலேசான பனி, சுகமான காற்று, காய்ந்த சாலை. உடம்புக்கு இதைவிட இதமான காலை நேரத்தை நம் ஜில்லாவில் எதிர்பார்க்க முடியாது. நம் நண்பர் சொன்னது சரியானால் அன்று சைக்கிள்கள் சாரி சாரியாகப் புறப்பட்டிருக்க வேண்டுமல்லவா? அதே கடையில் அதே பெஞ்சியில் உட்கார்ந்து பார்த்தோம். கொங்காணிக்காரர் கொங்காணி இல்லாமல் வந்தார். முப்பைதாரி ஒரே பையுடன் வந்தார். வேறு புதிய முகம் எதையும் காணோம். மழை நாளில் வந்தவர்கள்தாம் இன்றும் வந்தார்கள். மழை நாளில் வராதவர்கள் இன்றும் வரவில்லை.

கடைக்காரர் நம்மை அடையாளம் கண்டுகொண்டு, "என்னங்க ஐயா, யாரையாவது தேடறீங்களா?" என்று விசாரித்தார். நாம் தேடியவர்கள் அன்று வராதவர்கள். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

இது இப்படியிருக்க, கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லி மீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவக்காற்றின் உபயம். இரண்டரை மில்லி மீட்டருக்குக் குறையாமல் பெய்த நாளை மழை நாள் என்று வானிலை ஆராய்ச்சியாளர் கணக்கிடுகிறார்கள். அப்படிப்பட்ட நாட்கள் வருஷத்தில் சராசரியாகச் சுமார் ஐம்பத்தைந்துதான். ஆக, முந்நூறு நாட்களுக்கு மேல் மழை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆறு கிலோமீட்டர் தூரத்தைச் சாதாரணமாகச் சைக்கிளில் அரை மணிக்குள் கடந்துவிடலாம். போக வர ஒரு மணி நேரம். மழை நாள் ஐம்பத்தைந்திலும் சரியாக அந்த ஒரு மணி நேரத்தில்தான் பெய்ய வேண்டும் என்று வருண பகவானுக்கு யாரும் உத்தரவு போட்டதாகத் தெரியவில்லை.

பெருமழை பெய்யும் நாள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதியை இந்தப் பிரதேசத்தில் யார் மறப்பார்கள்? செம்பரம்பாக்கத்தில் ஒரே நாளில் 475 மில்லி மீட்டர் கொட்டிற்று. ஆனால் அன்று நின்றுபோனது சைக்கிள் மட்டுமல்ல. ரயில் நின்றது, ஆகாய விமானம் நின்றது, கார் செய்யும் ஆலைகளே உற்பத்தியை நிறுத்தின. 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வந்தபோதும் இதே கதைதான். ஊழிக் காலத்துக் கணக்கைக் கொண்டு வந்து அன்றாடச் சைக்கிளின் மேல் பற்று எழுதுவது தர்மமல்ல.

அடுத்தது வெயில். இதைப் பற்றி விளையாட்டாகப் பேசக் கூடாது. கத்திரி வெயிலில் பாதரசம் நாற்பது டிகிரியைத் தாண்டுகிறது. 2003ஆம் ஆண்டில் சென்னையில் 45 டிகிரியைத் தொட்டது. கடற்கரையிலிருந்து வெகுவாக உள்ளே தள்ளியிருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்குக் கடற்காற்று சாவகாசமாகத்தான் வந்து சேரும். ஆனாலும் சைக்கிளுக்கு ஒரு விசேஷம் உண்டு. ஓடுகிற வரையில் அது தனக்கு வேண்டிய காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. அந்தக் காற்றில் வியர்வை உலர்ந்து உடம்பு ஓரளவு குளிர்கிறது. நின்றவுடனேதான் வெப்பம் தெரிகிறது. கூரையில்லாத பஸ் நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் காத்து நிற்பவர், மெதுவாகச் சைக்கிளில் போகிறவரைக் காட்டிலும் சௌக்கியமாக இருக்கிறார் என்று யாரும் சொல்ல முடியாது. மேலும் காலை ஷிப்ட்டுக்குப் போகிறவர் சூரியோதயத்துக்கு முன்பும், இரவு ஷிப்ட்டுக்குப் போகிறவர் அஸ்தமனத்துக்குப் பின்பும் போகிறார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு ஷிப்ட்டு மாறும்போது வருகிறவர்களையும் போகிறவர்களையும்தான் வெயில் மெய்யாகவே வதைக்கிறது.

அந்த இரண்டு மணி வெயிலைப் பார்ப்பதற்காகவே மூன்றாவது தடவை சித்திரை மாதத்தில் போனோம். கான்டீன் வேலை முடிந்து நம் முப்பைதாரி வெளியே வந்தார். இதற்குள் அவரும் நாமும் பழைய சிநேகிதர்களாகிவிட்டோம். வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவருக்கு. "வாங்க ஐயா, வீட்டில் ஒரு வாய் மோர் சாப்பிட்டுப் போகலாம்" என்று அழைத்தார். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர, நாம் கூடவே கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு ஓர் ஆட்டோவில் அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தோம். நடந்த தூரத்தில் நிழல் என்று ஒதுங்க ஒரே ஒரு வேப்பமரந்தான் கண்ணில் பட்டது. பழைய நாட்டுச் சாலைகளில் இரு பக்கமும் புளியமரம் வைத்துப் போனார்களே, அவர்கள் வழி நடப்பவனை நினைத்து வைத்தார்கள். சாலை அகலமாகும்போது முதலில் விழுவது மரம். நிழல் வேண்டியவன் நடப்பவனும் சைக்கிள்காரனுந்தானே, அவனைக் கேட்பார் யார்?

"வெயில் ரொம்பக் கஷ்டமாக இல்லையா?" என்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டோம்.

"வெயிலுக்குத் தலையில் துண்டு இருக்கிறது. மழைக்குப் பிளாஸ்டிக் இருக்கிறது. மேலே இருந்து வருவதை எப்படியாவது சமாளிக்கலாம் ஐயா. கீழே இருக்கிற பள்ளத்தையும், பின்னாலே வருகிற டிரெய்லரையும் என்ன செய்வது?" என்றார்.

பிறகு விவரமாகச் சொன்னார். மழை பெய்தவுடன் சாலையோரத்தில் தண்ணீர் கட்டிக்கொள்கிறது. சைக்கிள்காரனுக்கென்று உள்ள இடம் அந்த ஓரந்தான். தண்ணீருக்கு அடியில் பள்ளம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. தெரியாததால் நடுச்சாலைப் பக்கம் ஒதுங்க வேண்டியிருக்கிறது. அங்கே கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் வருகிறது. போதாக்குறைக்கு ஓரத்திலேயே லாரிகளை வரிசையாக நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கார்த்திகை மாதத்து விடியற்காலையில் அவர் அப்படி ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி விழுந்தார். பின்னால் வந்த டிரெய்லரின் சக்கரம் அவர் கைக்கு ஒரு சாண் தள்ளிப் போயிற்று. முழங்கையில் தழும்பைக் காட்டினார். "பிரேக்கைப் பிடித்தேன் ஐயா, பிடிக்கவே இல்லை" என்றார்.

பிரேக் பிடிக்காததற்குக் காரணம் உண்டு. நம் ஊர்ப் பழைய மாதிரிச் சைக்கிள்களில் முலாம் பூசிய இரும்பு ரிம்மின் மேல் ரப்பர்க் கட்டை வந்து அழுத்தித்தான் சக்கரம் நிற்க வேண்டும். ரிம் நனைந்துவிட்டால் கட்டை வழுக்குகிறது. காய்ந்த நாளில் நிற்கிற தூரத்தைக் காட்டிலும் வெகு தூரம் வண்டி ஓடிவிடுகிறது. அலுமினியம் ரிம் இதைவிடத் தேவலை. சக்கரத்தின் மத்தியில் தட்டு வைத்த டிஸ்க் பிரேக் இன்னும் தேவலை. ஆனால் அவை விலை கூடிய சரக்கு. ஆக, எவன் மழையில் அதிகமாகப் போகிறானோ அவனிடம்தான் மழைக்கு ஆகாத பிரேக் இருக்கிறது.

மோர் வந்தது. குடிக்கும்போது திண்ணையின் மூலையில் புதுச் சைக்கிள் ஒன்று சாத்தியிருப்பதைப் பார்த்தோம். சீட்டின் மேல் சுற்றிய பிளாஸ்டிக் உறையைக் கூட இன்னும் கிழிக்கவில்லை. அவருடைய மகள் அரசாங்கப் பள்ளியில் பதினோராம் வகுப்பு வாசிக்கிறாள். 2001ஆம் ஆண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று ஆரம்பித்துப் பிற்பாடு எல்லா மாணவர்களுக்கும் விஸ்தரிக்கப்பட்ட திட்டத்தின்படி கிடைத்த இலவசச் சைக்கிள் அது.

"ஏன் அம்மா, நீ இதில் போவதில்லையா?" என்று கேட்டோம்.

பெண் பதில் சொல்லாமல் தாயாரைப் பார்த்தாள். தாயார் சொன்னாள்: "அவளுக்கு விடத் தெரியுங்க. மழையிலே நனைந்தால் துணி மாற்றிக்கலாம். அந்த ரோட்டிலே இவர் விழுந்து வந்த அன்றைக்கே நான் சொல்லிட்டேன், என் பெண் அந்த ரோட்டுக்குப் போகக் கூடாது என்று."

பள்ளிக்கூடம் நாலு கிலோமீட்டர். காலையில் ஷேர் ஆட்டோ கிடைக்கிறது. மாலையில் பாடம் முடிந்தபின் விசேஷ வகுப்பு நடக்கிறது. அதற்கு நின்றால் திரும்புவதற்கு ஆட்டோ கிடையாது. ஆகையால் அவள் நிற்பதில்லை. கணக்குப் பாடத்தில் தான் பின்தங்கியிருப்பதாக அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். திண்ணையில் சைக்கிள் நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் வகுப்பு நடக்கிறது. இரண்டுக்கும் நடுவே நாலு கிலோமீட்டர் சாலை கிடக்கிறது. இதில் வானத்தின் குற்றம் எங்கே இருக்கிறது என்று நேயர்களே சொல்லட்டும்.

நண்பர் குளிர் தேசத்தைப் பற்றிச் சொன்னாரே, அதையும் பார்த்துவிடுவோம். ஹாலந்து தேசத்தில் நூறு பிரயாணங்களில் கால் பங்குக்கு மேல் சைக்கிளில் நடக்கின்றன. அந்த ஊர் வானம் அப்படியொன்றும் தயாள குணம் படைத்ததல்ல. வருஷம் முழுவதும் தூறல். எதிர்த்து அடிக்கும் கடற்காற்று. மாரிக்காலத்தில் மாலை ஐந்து மணிக்கே இருட்டு. பின்லாந்தில் ஔலு என்ற நகரம் வட துருவ வட்டத்துக்குச் சமீபத்தில் இருக்கிறது. பனி உறைந்து கிடக்கும் மாதங்களிலும் அங்கே ஜனங்கள் சைக்கிளில் போகிறார்கள். குழந்தைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். குளிர்காலச் சைக்கிள் மகாநாடு என்று ஒன்றை 2013ல் முதல் முதலாக அந்த ஊரில்தான் கூட்டினார்கள். அவர்களுக்கு உடம்பு இரும்பாலானதா? இல்லை. விடிந்து வேலைக்குக் கிளம்புமுன் சைக்கிள் பாதையில் உள்ள பனியை நகரசபையார் தள்ளி ஒழுங்கு செய்து வைத்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

ஹாலந்தும் எப்போதும் இப்படியே இருந்ததில்லை. இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பின் அங்கே கார்கள் பெருகின. சைக்கிள்கள் வெகுவாகக் குறைந்தன. 1971ஆம் ஆண்டில் மட்டும் 3,000 பேருக்கு மேல் சாலை விபத்துகளில் மாண்டார்கள். அவர்களில் 400க்கு மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர்கள் வீதிக்கு வந்து கிளர்ச்சி செய்தார்கள். 1973ல் எண்ணெய்ப் பஞ்சமும் வந்து சேர்ந்தது. அதன் பிறகே தனிப் பாதைகள் அமைந்தன. சைக்கிள்கள் திரும்பி வந்தன. சைக்கிள் குறைந்தபோதும் அதே மழைதான் பெய்தது. திரும்பி வந்தபோதும் அதே மழைதான் பெய்தது. மாறியது சாலை.

அந்நிய தேசத்து உதாரணம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நம் வீட்டு உதாரணமே இருக்கிறது. புதுக்கோட்டை ஜில்லாவின் வெயிலைப் பற்றி அந்தப் பக்கத்து மனிதர்களிடம் கேட்டுப் பாருங்கள். 1991, 1992ஆம் வருஷங்களில் அறிவொளி இயக்கத்தோடு கூடவே அங்கே கிராமத்துப் பெண்கள் ஆயிரக் கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு வேண்டிய ஊக்கம் அளித்தார். கல் உடைப்பவர்களும், வயல் வேலை செய்பவர்களும், குடத்தையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு மிதித்துச் சென்றார்கள். அந்த வருஷம் மட்டும் சூரியன் புதுக்கோட்டைக்குத் தயவு காட்டினானா? தனியே வெளியில் போய்வரும் சுதந்திரம் கிடைத்தது. வெயில் அதற்கு முன்னால் பெரிதாகத் தெரியவில்லை.

2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கும் இதைத்தான் சொல்கிறது. விவசாயமும் வீட்டுத் தொழிலும் நீங்கலாக மற்ற வேலை செய்வோரில், நூற்றுக்குச் சுமார் பதின்மூன்று பேர் தேசமெங்கும் சைக்கிளில் வேலைக்குப் போனார்கள். மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர்களில் போனவர்களும் ஏறக்குறைய அதே அளவுதான். இவ்வளவு பேரும் மழையும் வெயிலும் இல்லாத தேசத்தில் வசிக்கவில்லை. நம்மோடு நம் தேசத்தில்தான் வசித்தார்கள். ஆனால் மோட்டார் வாங்க முடிந்தவர்கள் வருஷத்துக்கு வருஷம் சைக்கிளை விட்டு இறங்கிக்கொண்டே வருகிறார்கள். அதற்கும் காரணம் உண்டு. தூரம் அதிகமாகிவிட்டது, கடனுக்கு மோட்டார் சைக்கிள் கிடைக்கிறது, கம்பெனி பஸ் வாசலுக்கு வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, சைக்கிளில் போகிறவனை 'இன்னும் இவன் முன்னுக்கு வரவில்லை' என்று ஊர் பார்க்கிறது. இத்தனை காரணங்களையும் வெளியே சொல்ல நமக்குக் கூச்சமாக இருக்கிறது. மழை பாவம், வாயில்லாப் பூச்சி. அதன் மேல் பழியைப் போட்டுவிடுகிறோம்.

நாம் ஒரு பக்கமாகவே பேசிவிட்டதாக நேயர்கள் எண்ண வேண்டாம். சீதோஷ்ணத்துக்கு அதன் பங்கு உண்டு. பொழுதுபோக்காகச் சைக்கிளில் உலாவப் போகிறவரை மழை உடனே தடுத்துவிடும். வேலைக்குப் போகிறவரை அவ்வளவு தடுப்பதில்லை. உலகில் பல நகரங்களில் இந்த வித்தியாசத்தைக் காணலாம். வயோதிகர்களும், குழந்தையை ஏற்றிச் செல்லும் தாய்மார்களும் இடி மழையில் போக வேண்டும் என்று நாம் சொல்லமாட்டோம். கத்திரி வெயிலில் நடுப்பகலில் யாரும் வீறாப்புக்காகப் பத்து மைல் மிதிக்க வேண்டியதில்லை. நாம் சொல்வது இதுதான்: மழை ஐம்பது நாள் தடுக்கலாம், சாலை முந்நூற்று அறுபத்தைந்து நாளும் தடுக்கிறது. நல்ல சாலையில் மழை ஓர் அசௌகரியம். கெட்ட சாலையில் அதுவே ஆபத்து.

ஆபத்து என்பது வெறும் வார்த்தையல்ல. 2022ஆம் ஆண்டில் நம் தேசத்துச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். முழங்கைத் தழும்போடு தப்பிய நம் நண்பர் இந்தக் கணக்கில் சேராதது ஒரு சாண் அளவு அதிர்ஷ்டந்தான்.

இனிச் செய்ய வேண்டியது என்ன? பெரிய யோசனைகள் நம்மிடம் இல்லை. பார்த்ததைக் கொண்டு சொல்கிறோம்.

ஒரகடம், வல்லம் வடகால், ஸ்ரீபெரும்புதூர்ப் பிரதேசத்தில் வேலை செய்கிறவர்களில் ஏராளமானவர் ஆலைகளுக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும்படியான பெண் தொழிலாளர் விடுதி ஒன்று திறக்கப்பட்டது. மூன்று, நாலு, ஐந்து கிலோமீட்டர் என்பது சைக்கிளுக்கென்றே அளந்து வைத்த தூரம். ஆறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்வருகிறவனுக்கு, லிட்டர் நூறு ரூபாய் விற்கிற பெட்ரோலில் மாதம் அறுநூறு ரூபாய்க்குக் குறையாமல் போய்விடுகிறது. வண்டிக் கடனுக்கு மாதத் தவணை வேறு. கான்டீன் சம்பளத்தில் இது சிறிய தொகையல்ல.

ஆகவே முதலாவது, சாலையின் ஓரத்தில் ஆறடி அகலம் சைக்கிளுக்கு விட வேண்டும். வெள்ளைக் கோடு போட்டால் போதாது, லாரி ஏறி நிற்க முடியாதபடி கல் பதித்துப் பிரிக்க வேண்டும். இரண்டாவது, தண்ணீர் வடிய வழி. இது ஏரிகளின் பிரதேசம். இங்குள்ள ஏரிகள் ஒன்று நிரம்பி மற்றொன்றுக்கு வழிந்து கடைசியில் செம்பரம்பாக்கத்தை நோக்கிப் போகும்படி நம் முன்னோர்கள் கால்வாய் வகுத்தார்கள். அவற்றை அடைத்துவிட்டுச் சாலையில் தண்ணீர் நிற்கிறதே என்று ஆச்சரியப்படுவதில் பயனில்லை. மூன்றாவது, மேற்குப் பக்கத்தில் வரிசையாக மரம். இரண்டு மணி வெயிலுக்கு அதைவிட வேறு மருந்து கிடையாது. நாலாவது ஆலை முதலாளிகளுக்கு: கார்களுக்குக் கூரை போட்ட கொட்டகை கட்டியிருப்பது போல் சைக்கிள்களுக்கும் ஒரு கொட்டகை கட்டுங்கள், நனைந்து வருகிறவன் துணி மாற்ற ஓர் அறையும் கொடியும் கொடுங்கள். கோடிக் கணக்கில் முதல் போட்ட ஆலைக்கு இது ஒரு செலவா?

நண்பரை மறுபடியும் சந்தித்தபோது இவ்வளவையும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். "அந்தச் சாலையில் தினம் போகிறேன். ஓரத்தில் தண்ணீர் நிற்பதை நான் பார்த்ததே இல்லையே!" என்றார். பார்த்திருக்க மாட்டார், கார்க் கண்ணாடி வழியே தெரிவது வானந்தான். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கள் ஆலையில் சைக்கிள் கொட்டகைக்கு இடம் இருக்கிறது. மானேஜரிடம் சொல்லிப் பார்க்கிறேன்" என்றார். சொன்னபடி செய்வார் என்றே நம்புகிறோம்.

கொட்டகை நாளைக்கே வரலாம். ஆனால் அந்தத் திண்ணைச் சைக்கிள் கீழே இறங்குவதற்குச் சாலை வர வேண்டும். அந்தப் பெண் இந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு. பரீட்சைக்கு இன்னும் சில மாதங்களே இருக்கின்றன. சாலைகளுக்கு அதிகாரிகளாக இருக்கும் கனவான்கள் வானத்தைப் பார்த்தது போதும். கொஞ்சம் கீழேயும் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.